டிக்கி மூடியிருக்கும்போது

அக்டோபர் 9, வியாழன்.

தவறு: டிக்கியில் கிடைத்த வயரை ஒரே ஒரு தடவைதான் அளந்தேன். சாவியை எடுத்த பிறகு வைத்துப் பார்த்தேன், மீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. எப்போதும் இரண்டு தடவை அளப்பேன். இன்று இருட்டிக்கொண்டு வந்தது, அண்ணி வேறு பக்கத்தில் கை கட்டி நின்றிருந்தார், விட்டுவிட்டேன். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன்.

நாளை: பெட்டி குளிர்கிறதா என்று அண்ணியிடம் கேட்பது.

மாலை வகுப்பில் இது சட்டம். வண்டிகளின் மின்வேலை கற்க வருகிற எல்லோரும் தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. மற்றவர்கள் 'தவறு: இல்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதை எழுதியவளுக்கு மட்டும் பக்கம் போதாது. வீட்டைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கியவள், பூட்டினோமா என்று மறுபடி ஏறிப் பார்க்கிற ரகம். அதனாலேயே அண்ணன் இவளுக்கு 'டெஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தான். எலெக்ட்ரீஷியன்கள் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கரன்ட் இருக்கிறதா என்று எதையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அந்தச் சாமானின் பெயர். "டெஸ்டர், கேஸை மூடியாச்சா பாரு", "டெஸ்டர், எனக்குக் காய்ச்சல் அடிக்குதா தொட்டுப் பாரு" என்று வீடு முழுக்க அந்தப் பெயர்தான் உருண்டுகொண்டிருக்கும். அண்ணன் போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட மிச்சம் இருந்தது அண்ணி மட்டும்தான்.

அண்ணன் போனது கோடை முடிகிற சமயம். வண்டியின் டயருக்குக் காற்றடிக்கப் போனவன், காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடியே சரிந்தான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அண்ணியும் இவளும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு நேராகிவிட்டது. அதன்பிறகு நடந்ததெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடந்தது போல இருந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், "வாய்விட்டு அழுதுடு, உள்ளேயே வச்சுக்காதே" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று இவளும் தேடித்தான் பார்த்தாள். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பது போல அவ்வப்போது தன்னையே தட்டிப் பார்த்துக்கொண்டாள். தட்டுவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அண்ணியும் அப்படித்தான் இருந்தாள். ஒரே தட்டில் அடுக்கிய கண்ணாடி டம்ளர்கள் மாதிரி, இடித்துக்கொள்ளாமல் இருவரும் அந்தச் சின்ன வீட்டுக்குள் நடமாடினார்கள். அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள். வேறு ஆள் இல்லை.

அண்ணன் விட்டுப்போனது ஒரு பழைய வண்டியும் ஒரு ரூட்டும். சுற்றுவட்டாரத்துச் சின்ன கிளினிக்குகளில் காலையில் எடுக்கும் ரத்த மாதிரிகளை வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் பெரிய பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவன் வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள். அண்ணன் நல்ல உயரம், அதனால் டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அண்ணி அதை முன்னால் இழுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சோபாத் தலையணை ஒன்றைச் செருகிக்கொண்டு, கால் நுனியால் கிளட்சை எட்டி மிதித்து ஓட்டினாள். டெஸ்டர் இதைப் பார்த்தாள். கேட்கவில்லை. வண்டிக்கு அன்றிலிருந்து யாரும் காற்றடிக்கவில்லை என்பதையும் பார்த்தாள். அதையும் கேட்கவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் புதுச் சட்டம் போட்டார்கள். ஐஸ் கட்டி போட்ட தெர்மகோல் பெட்டி இனிமேல் செல்லாது. கரன்ட்டில் குளிரும் பெட்டி வேண்டும். கூடவே பொத்தான் அளவில் ஒரு கருவி உள்ளே கிடக்கும், வழி நெடுகச் சூட்டைப் பதிந்துகொண்டே வரும். நல்லவேளை, பெட்டியை அண்ணன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். "ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம்" என்று சொல்லியிருந்தான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான், வரும், போகும். பெட்டி அட்டைக்குள்ளேயே இருந்தது.

"நீதான் படிக்கிறியே, மாட்டிக் குடு" என்றாள் அண்ணி. துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னாள். "ரூட் போச்சுன்னா இந்த வீட்டு வாடகை நம்மால முடியாது. அக்கா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் அங்க போயிடுவேன். நீ ஏதாவது ஹாஸ்டல் பாத்துக்கலாம்."

"சரி அண்ணி" என்றாள் டெஸ்டர். போன் கடையில் நாள் முழுக்க நின்று, குமிழி விழாமல் கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிற சம்பளத்தில் அந்த வீட்டின் ஒரு அறைக்குக்கூட வாடகை கட்ட முடியாது. அண்ணியும் போய்விட்டால் தன்னை யார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, நின்று, போய்விட்டது.

சிக்கல் இதுதான். டிக்கியில் ஒரு சாக்கெட் இருந்தது, ஆனால் சாவியை எடுத்தால் செத்துப்போகும். அண்ணியோ ஒவ்வொரு கிளினிக்கிலும் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போய் நிற்க வேண்டும். மற்ற இடங்களில் போனதும் வந்துவிடலாம். கடைசிக் கிளினிக்கில் டாக்டர் வருகிறவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வண்டி நிற்கும். சாவி இல்லாதபோதும் சாகாத ஒரு வயர் டிக்கியில் வேண்டும்.

வியாழக்கிழமை டிக்கியின் ஓரத்து அட்டையைக் கழற்றியபோது அது கிடைத்தது. எதிலும் மாட்டாத ஒரு பிளக். கம்பெனியிலேயே விட்ட பிளக், தடித்த சிவப்பு வயர், மேலே ஒரு தூசி பிடித்த மூடி. யாரோ இவளுக்காகவே வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. சாவி அண்ணியின் கையில் இருந்தது, வண்டி அணைந்திருந்தது, மீட்டர் 12.5 என்றது. பெட்டியை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி முனக ஆரம்பித்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணி கடைக்கே வந்துவிட்டாள். ஒரு வாடிக்கையாளரின் போனில் கண்ணாடியை வைத்து, காற்றைத் தள்ளிக்கொண்டிருந்த டெஸ்டருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணாடியை ஒழுங்காக ஒட்டி முடித்துத்தான் வெளியே வந்தாள்.

"திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள் அண்ணி.

பரிசோதனைக்கூடத்து வாசலில் மாதிரிகளை வாங்குகிறவரைக் 'கம்பளி' என்றுதான் ரூட்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். குளிரறைக்கு உள்ளேயும் வெளியேயும் நடப்பதால் எந்த வெயிலிலும் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். பொல்லாதவர் இல்லை. பொத்தானை மிஷினில் வைத்து, திரையை அண்ணி பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

"'இங்க பாரும்மா, நல்லாத்தான் வந்திருக்கு, கடைசியில இங்க ஒரு மேடு ஏறியிருக்கு. எனக்கொண்ணும் இல்ல, மிஷின் சொல்லுது'ங்கறாரு. அத்தனை பேருக்கும் மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்கணுமாம். ஒரு கிழவரு போன்லயே என்னைத் திட்டினாரு, ஏற்கெனவே உடம்புல ரத்தம் இல்லன்னு."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"திங்கக்கிழமை வரைக்கும் வேற ஆளை வச்சு ஓட்டிக்கறாங்களாம். திங்கக்கிழமை நான் காலிப் பெட்டியோட ரூட்டைச் சுத்தி வந்து காட்டணும். அன்னைக்கும் மேடு இருந்தா, அந்த ஆளே நிரந்தரம்."

"பெட்டி நின்னுச்சா? விளக்கு பாத்தீங்களா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். திறக்கறப்பல்லாம் பச்சைதான் எரிஞ்சுது. கடைசிக் கிளினிக்குல வந்து திறந்தப்பவும் பச்சைதான்."

மாலை வண்டி வீட்டுக்கு வந்ததும் டெஸ்டர் மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். டிக்கியைத் திறந்தாள், 12.4. மூடித் திறந்தாள், 12.4. சாவியைப் போட்டு எடுத்து, பூட்டி, தெருமுனைவரை நடந்து வந்து திறந்தாள். பச்சை, 12.4. பெட்டி நல்ல பிள்ளையாக முனகிக்கொண்டிருந்தது. தான்தான் ஏதோ தப்புச் செய்கிறோம் என்று தோன்றியது. மீட்டரே பழுதோ என்று வீட்டு டார்ச்சின் பேட்டரியை அளந்து பார்த்தாள். மீட்டர் சரியாக இருந்தது. அவள்தான் சரியாக இல்லை போல.

வகுப்பில் பக்கத்து மேஜைக்காரனுக்குப் 'புகை' என்று பெயர். முதல் நாளே இரண்டு வயரைச் சேர்க்கக் கூடாதபடி சேர்த்து, வகுப்பையே வெளியே ஓட விட்டவன். அதில் அவனுக்கு வெட்கம் இல்லை, விருது வாங்கியவன் போலத்தான் திரிவான்.

"என்ன மேடம், மூஞ்சி ஃப்யூஸ் போன பல்பு மாதிரி இருக்கு?"

சொன்னாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து, வரிசை மாறாமல் சொன்னாள். அவள் கதை சொன்னால் அப்படித்தான், ஸ்க்ரூ கழற்றியதுகூட விடுபடாது. புகை கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்ப உங்க வண்டி எங்க பெரியக்கா மாதிரி."

"என்ன?"

"மாமியார் வெளிய போனா மத்தியானம் படுத்துடுவா. கேட்டு திறக்கற சத்தம் கேட்டுச்சோ இல்லையோ, எழுந்து துடைப்பத்தைக் கையில எடுத்துக்குவா. மாமியார் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கு, என் மருமக உக்காந்து நான் பாத்ததே இல்லன்னு. நீங்க பாக்காதப்ப வயர் என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். டெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் காதில் விழுந்தது விழுந்தபடியே நின்றது. தான் பார்த்ததெல்லாம் திறந்த டிக்கி. மூடிய டிக்கியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மூடியிருக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் உள்ளேதான் இருக்க வேண்டும். இவளுடைய புத்தி எப்போதும் இப்படி நேர்வழியில்தான் போகும், பக்கத்தில் இருக்கும் குறுக்குச் சந்து கண்ணில் படாது.

சனிக்கிழமை கடையில் அரைநாள். மதியம் கட்டிடத்துக்குக் கீழே, நிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"டிக்கிக்குள்ள படுத்துக்கறேன் அண்ணி. நீங்க எல்லாக் கதவையும் பூட்டிட்டு வெளிய நில்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"பின்சீட்டு ஒரு பக்கத்தை மடிச்சு வச்சிருக்கேன். காத்து வரும். வேணும்னா அந்த வழியா வெளிய வந்துடுவேன்."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யாராவது பாத்தா நாத்தனாரை டிக்கியில போட்டுக் கடத்தறான்னு போலீசுக்குப் போன் போடுவாங்க."

"நானே போய்ப் படுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"சொன்னா நம்பிடுவாங்களா? எந்த வீட்டுல நாத்தனார் அண்ணி சொல்றதைக் கேட்டிருக்கா?"

சொன்ன பிறகுதான் அது வேடிக்கைப் பேச்சு என்பது இருவருக்கும் உறைத்தது. அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. அண்ணி சாவியைக் கையில் மாற்றிக்கொண்டாள். டெஸ்டர் ஏறி, பெட்டியை அணைத்தபடி முழங்காலை மடக்கிப் படுத்தாள். டிக்கி மேலே வந்து மூடியது. பூட்டு 'டக்' என்றது.

முதலில் இருட்டு, பிறகு பச்சை. அந்த ஒரு புள்ளி வெளிச்சத்தில் தன் விரல்கள் தெரிந்தன. பெட்டி வயிற்றுக்குப் பக்கத்தில் முனகியது. மாற்று டயரின் ரப்பர் வாடை வந்தது. வெளியே அண்ணியின் செருப்புச் சத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது, பிறகு நின்றது. டெஸ்டர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுத்தால் அந்தச் சமயம் பார்த்து ஏமாற்றிவிடும் என்று பயம்.

நேரம் போனது. அண்ணன் இந்த டிக்கியில் எத்தனை தடவை குனிந்திருப்பான் என்று நினைத்தாள். அண்ணன் போன பிறகு, 'எப்படி இருக்கே' என்று யாரும் கேட்க முடியாத ஓர் இடத்தில் இப்போதுதான் இருக்கிறோம் என்றும் நினைத்தாள். அழுவதென்றால் இங்கே அழலாம். யாருக்கும் தெரியாது. அதற்காகக்கூடக் கொஞ்சம் இடம் விட்டுக் காத்திருந்தாள், மீட்டரின் முனையை வயரில் வைத்துவிட்டுக் காத்திருப்பது போல. ஒன்றும் ஏறவில்லை.

அரை மணி ஆகியிருக்காது. முன்பக்கம் எங்கோ, வண்டியின் உடம்புக்குள் ஆழத்தில், நாக்கைச் சொடுக்கியது போல ஒரு சின்னச் சத்தம். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டியின் முனகல் ஒரு பெருமூச்சு மாதிரி இழுத்து அடங்கியது.

ஆக, இதுதான். சாவியை எடுத்தாலும் வண்டி உடனே தூங்குவதில்லை. யாராவது திரும்பி வருவார்களா என்று கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருக்கும். வராவிட்டால் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு உறங்கிவிடும். கதவையோ டிக்கியையோ திறந்தால் விழுந்தடித்து எழுந்துகொள்ளும். அண்ணியும் இவளும் இத்தனை தடவை பார்த்தது எல்லாம் அந்த எழுந்துகொண்ட வண்டியைத்தான்.

கண்டுபிடித்துவிட்டாள். தட்டிக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடவில்லை. இருட்டில் அப்படியே கிடந்தாள். எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை, கிடப்பதற்கும் தோன்றவில்லை. பெட்டியின் மேல்மூடி இன்னும் சில்லென்றிருந்தது. கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எதையும் அளக்காமல் அவள் கழித்த ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

டிக்கியை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். விரலால், கதவைத் தட்டுவது போல.

"என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்."

டெஸ்டர் கன்னத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

"டெஸ்டர்!" என்று அண்ணியின் குரல் உயர்ந்தது. "டெஸ்டர், உள்ள இருக்கியா இல்லையா?"

"இருக்கேன்" என்றாள். தன் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. "இருக்கேன் அண்ணி. அணைஞ்சிடுச்சு."

டிக்கி திறந்தது. கண் கூசியது. பச்சை விளக்கு ஒன்றுமே நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

"கழுதை" என்றாள் அண்ணி. விளக்கைச் சொன்னாளா இவளைச் சொன்னாளா தெரியவில்லை. கையைக் கொடுத்து வெளியே இழுத்துவிட்டாள். கை ஈரமாக இருந்தது.

புகைக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவன் மூச்சு முட்டச் சிரித்தான்.

"மேடம், டிக்கியைத் திறந்தே வச்சுக்கிட்டு, பூட்டுல ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினா மூடியிருக்குன்னு வண்டி நம்பிடும். போன மாசம் கிளாஸ்லயே காட்டினாங்க. சரி, அதை விடுங்க. போன்ல வீடியோவைப் போட்டு உள்ள வச்சிருந்தா போதுமே! போன் கடையில வேலை பாக்கறீங்க!"

அன்றைய பக்கத்தின் முதல் வரிக்கு எதை எழுதுவது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி வழி ஒன்றுதான். வண்டியின் எந்த வயரையும் நம்பக் கூடாது. பேட்டரியிலிருந்தே புது வயர் இழுக்க வேண்டும். எங்காவது தேய்ந்து பட்டாலும் தீப்பிடிக்காமல் இருக்க, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். பேட்டரி ரொம்ப இறங்கினால் பெட்டி தானே நின்றுகொள்ளும், அதனால் வண்டி கிளம்பாமல் போகாது. அதைப் பெட்டியோடு வந்த தாளில் இரண்டு தடவை படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். வண்டிக்கு முன்னால் மண்டியிட்டபோதுதான் முன்பக்க இடது டயர் கண்ணில் பட்டது. காற்று நுழைகிற வால்வின் மேல் மூடி இல்லை. ஒரு விரல் நுனி அளவு கறுப்பு மூடி. அண்ணன் அன்று அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்திருப்பான். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட ஆள் அதையெல்லாம் தேடியிருக்க மாட்டான். டெஸ்டர் வால்வின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். தூசி ஒட்டியது. துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இன்ஜின் பக்கத்திலிருந்து வயர்கள் உள்ளே நுழைகிற ரப்பர் ஓட்டை வழியாகப் புது வயரை விட்டாள். உள்ளே அண்ணி தலைகீழாகத் தொங்காத குறையாக, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைப் பிடித்தாள்.

"வந்துச்சா?"

டார்ச்சோடு, "ம்ம்ம்."

"இழுங்க. மெதுவா. அண்ணி, மெதுவா!"

அண்ணி டார்ச்சைத் துப்பினாள். "பாம்பு பிடிக்கற மாதிரி கத்தாதே. வருது."

வயர் கதவின் அடிப்பட்டைக்குக் கீழே படுத்துப் பின்னால் போக வேண்டும். பட்டையைத் தூக்கினாள். ஒரு கிளிப் 'பட்' என்று உடைந்தது, இன்னொன்றும் உடைந்தது. அதற்குமேல் தரைவிரிப்பு வரவில்லை. டிரைவர் சீட் அதன்மேல் உட்கார்ந்திருந்தது, கடைசிவரை பின்னால் தள்ளி.

டெஸ்டர் கையை எடுத்துக்கொண்டாள். வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தாள். இந்தப் பக்கம் விட்டு, அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம். வயர் போதாது. போதுமா என்று மனதுக்குள் மறுபடி அளந்தாள். போதாது.

"அண்ணி. சீட்டை முன்னால தள்ளணும்."

அண்ணி தலையணையை எடுத்து வெளியே வைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். கீழே கையை விட்டு, கம்பியைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள், அந்தச் சத்தம் ஓய்கிறவரை இருந்தாள். பிறகு தூக்கினாள். சீட் 'கடகட'வென்று பற்களின் மேல் ஓடி முன்னால் வந்து நின்றது.

"போதுமா?"

"போதும் அண்ணி."

சீட்டுக்கு அடியில் ஒரு பேனா மூடியும், பழைய பார்க்கிங் சீட்டுகளும், மணலும் இருந்தன. வேறொன்றும் இல்லை. டெஸ்டர் அவற்றைக் கூட்டி அள்ளினாள், விரிப்பைத் தூக்கினாள், வயரைப் படுக்க வைத்தாள். அண்ணி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, காலை நீட்டிக் கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பாதம் முழுசாகப் பதிந்தது.

பெட்டியை மாட்டி, பூட்டில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகி, திறந்த டிக்கிக்கு முன்னால் இருவரும் குப்புறக் கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வண்டியின் உள்ளே நாக்குச் சொடுக்கும் சத்தம் கேட்டது. வண்டி தூங்கிவிட்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டெஸ்டர் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"இன்னொரு தடவை வேணா பாத்துக்கோ" என்றாள் அண்ணி. இவள் பார்த்தாள்.

திங்கட்கிழமை கடையில் அவள் ஒரு கண்ணாடியைக் குமிழியோடு ஒட்டிவிட்டாள். முதலாளி போனை வாங்கி அவரே உரித்து வேறு ஒட்டினார். மதியம் அண்ணி வந்தாள். வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்தி, இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள். முதுகுக்குப் பின்னால் தலையணை இல்லை.

"கம்பளி திரையைத் திருப்பிக் காட்டினாரு" என்றாள். "மேடு இல்ல, பள்ளம் இல்ல. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நேரா ஒரு கோடு." ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள். "இங்க நேர்கோடுதான் நல்லதாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டெஸ்டர் வண்டியின் கூரையைப் பார்த்தாள். அண்ணி எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்தாள்.

"ரூட்டு?"

"நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாரு."

மாலை வகுப்பு முடிந்து அவள் வந்தபோது சமையலறையில் அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லக்கா. இல்ல, இப்ப வரல. வண்டி சரியாயிடுச்சு. ...தெரியலக்கா, அப்புறம் பாக்கலாம். ...ஆமா, அவதான் போட்டுக் குடுத்தா. ...இல்ல, அழல. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "டெஸ்டர், வந்துட்டியா? சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

தட்டு எடுத்து வைக்கிற சத்தம் வந்தது. டெஸ்டர் தன்னை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டாள். பழையபடிதான் இருந்தது. ஓரத்தில் எங்கோ லேசாக, மரத்த கால் விடுபடும்போது குத்துமே, அந்த மாதிரி ஏதோ இருந்தது போலவும் இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அண்ணி, வண்டியில காத்து கம்மியா இருக்கு."

தட்டுச் சத்தம் நின்றது.

"தெரியும்" என்றாள் அண்ணி. "ஓட்டறப்ப இடது பக்கம் இழுக்குது." பிறகு, "காலையில கொஞ்சம் சீக்கிரம் கிளம்பு. நீயும் கூட வா."

அக்டோபர் 13, திங்கள்.

தவறு: கடையில் ஒரு கண்ணாடியைக் குமிழியோடு ஒட்டினேன். மனது வேறு எங்கோ இருந்தது.

பேட்டரி வயர் நிற்கிறது. இரண்டு தடவை அளந்தேன், மூன்றாவது தடவையும். அடிப்பட்டையின் இரண்டு கிளிப்புகள் உடைந்திருக்கின்றன, அவசரம் இல்லை.

நாளை: முன்பக்க இடது டயருக்கு ஒரு வால்வு மூடி வாங்குவது. அண்ணியோடு போய் நான்கு டயருக்கும் காற்றடிப்பது.